கலைஞனின் கஷ்டத்தை மேடையில் பாட வைப்பது எப்படி

கலைஞன் படும் கஷ்டத்தைப் பாட்டாக எழுதித் தாருங்கள் என்று நாடகக்காரர்கள் கேட்டால், முதலில் பேனாவில் வரும் வரிகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். வறுமை வரும், கண்ணீர் வரும், காலம் ஒருநாள் மாறும் என்ற நம்பிக்கை வரும், உலகத்தைப் பார்த்து ஒரு கேள்வி வரும். அவன் செதுக்குகிறானா, வரைகிறானா, நெய்கிறானா என்பது மட்டும் வராது. அந்தப் பாட்டைச் சிற்பியும் பாடலாம், வேலை கிடைக்காத பட்டதாரியும் பாடலாம். யார் வாயில் வைத்தாலும் பொருந்துகிற பாட்டு, நாடகத்தில் யாருக்கும் சொந்தமாவதில்லை.

நான் சேலம் பொன்னம்மாப்பேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்தவள். பள்ளி, கல்லூரி நாடகங்களுக்கும் எங்கள் ஊரின் சிறு குழுக்களுக்கும் பாட்டு எழுதித் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில், மேடைக்குப் பாட்டு எழுத விரும்பும் இளைஞர்கள் சிலர் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். அவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: பாட்டுக்குள் ஒரு வேலை நடக்க வேண்டும். இன்றிரவு முடிய வேண்டிய வேலை ஒன்று, அதை முடிக்க விடாமல் இழுக்கும் ஆள் ஒருவர். இந்த இரண்டும் இருந்தால் கஷ்டம் என்ற சொல்லையே எழுத வேண்டியதில்லை.

எப்படி எழுதுவது என்பதை ஒரே உதாரணத்தை வைத்துச் சொல்கிறேன். அம்மாப்பேட்டையில் வீட்டுக்குள்ளேயே குழித்தறி வைத்திருக்கும் ஓர் இளைஞன். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளான பாவும், பட்டும் முதலாளி கொடுத்தது. நெய்து கொடுத்தால் கூலி. முந்தானை எப்படி இருக்க வேண்டும் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். இவன் மனத்திலோ வேறொரு முந்தானை இருக்கிறது: தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கும் ஒரு மயில். யாரும் கேட்காத மயில். காலையில் சேலையைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஆர்டரில் இல்லாத மயிலைப் பார்த்து முதலாளி சேலையைத் திருப்பி அனுப்பலாம், பட்டின் விலையைக் கூலியில் பிடித்துக்கொள்ளலாம். வீட்டில் அம்மா இருக்கிறார். அப்பா இல்லை.

இவ்வளவும் கதை. பாட்டுக்கு இதில் ஒரு துண்டு போதும்.

வேலையைச் சிறிதாக வெட்டுங்கள்

மேடையில் ஒரு பாட்டு நான்கைந்து நிமிடம் ஓடும். அதற்குள் தொடங்கி, தடைப்பட்டு, முடியக்கூடிய ஒரு காரியத்தைத் தேர்ந்தெடுங்கள். 'தன் கனவுச் சேலையை நெய்யப் போராடுகிறான்' என்பதைப் பாட முடியாது. 'மயிலின் கழுத்தை முடிக்கப் பார்க்கிறான்' என்பதைப் பாட முடியும். கழுத்து வளைந்து திரும்புகிற இடம்தான் அந்த மயிலில் கடினமானது. நீலமும் பச்சையும் ஒன்றுக்குள் ஒன்று கலக்கிற இடம். அது சரியாக வந்துவிட்டால் மயில் வந்துவிட்டது. ஆகவே பாட்டு கழுத்தைப் பற்றியது, கழுத்தை மட்டும் பற்றியது.

அமெரிக்க மேடையில் இதற்கு நல்ல சான்று உண்டு. ஸ்டீபன் சான்டைம் இசையும் பாடல்களும் எழுதி 1984இல் பிராட்வேயில் அரங்கேறி, அடுத்த ஆண்டு நாடகத்துக்கான புலிட்சர் பரிசு பெற்ற ஓர் இசை நாடகம், பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூராவை நாயகனாக வைத்துக் கற்பனையாகப் புனையப்பட்டது. சூரா 1884 முதல் 1886 வரை உழைத்த பெரிய ஓவியம் ஒன்று அதன் மையம். ஏறக்குறைய 2 மீட்டர் உயரம், 3 மீட்டர் அகலம். சின்னச் சின்னப் புள்ளிகளாக வண்ணத்தை வைத்து வைத்து நிரப்பியது. நாடகத்தில் காதலி அவனோடு வெளியே போகக் காத்திருக்கிறாள். அவனோ ஓவியத்தில் வரும் ஒரு தொப்பியை முடிக்க உட்கார்ந்துவிடுகிறான். அவள் விலகிப் போன பிறகு அவன் பாடும் பாட்டு அந்தத் தொப்பியைப் பற்றியது. அத்தனை பெரிய ஓவியத்திலிருந்து ஒரு தொப்பியைப் பிரித்தெடுத்த அந்தத் துணிச்சலை நான் மிகவும் மதிக்கிறேன். இழந்தது எவ்வளவு என்று அந்தச் சின்னப் பொருளை வைத்துத்தான் நமக்குத் தெரிகிறது.

வெட்டிய துண்டு சரியானதா என்று அறிய ஒரு வழி: நடிகரிடம் பாட்டே இல்லாமல் அந்த வேலையைச் செய்யச் சொல்லுங்கள். பார்ப்பவர்களுக்கு அவன் எங்கே தொடங்கினான், இன்னும் எவ்வளவு மீதம் என்பது புரிந்தால் எழுதத் தொடங்கலாம்.

தாளத்தைக் கையிலிருந்து எடுங்கள்

இங்கேதான் நான் மாணவர்களை அதிக நேரம் நிறுத்தி வைப்பேன். மெட்டைத் தேடி வீட்டில் உட்காராதீர்கள். அந்த வேலை நடக்கும் இடத்துக்குப் போய், அனுமதி கேட்டு, ஓரமாக உட்காருங்கள். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.

குழித்தறியில் நெய்பவரின் கால் இரண்டும் பள்ளத்துக்குள் இருக்கும். மிதிபலகையை மிதித்தால் பாவு இழைகள் மேலும் கீழுமாகப் பிரிந்து வாய் திறக்கும். கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் நாடா ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடி, குறுக்கு இழையான ஊடையை விட்டுச் செல்லும். பிறகு இழைகளை நெருக்கும் சீப்பு போன்ற அச்சை இழுத்து ஓர் அடி. மிதி, எறி, அடி. காதில் அது மூன்றாகத்தான் விழும்: மெத்தென்று ஒன்று, சறுக்கலாக ஒன்று, கனமாக ஒன்று. மிருதங்கக்காரரிடம் சொன்னால் உடனே 'தகிட' என்பார். திஸ்ரம், அதாவது மூன்று எண்ணிக்கை நடை. எங்கள் நெசவாளியின் பல்லவி அதிலிருந்துதான் வந்தது:

மிதியும் எறியும் அடியும் – எந்தன்
மயிலின் கழுத்து வளரும்
விடியும் வரையில் தறியே – நீ
விலகி நிற்க லாமோ

சொற்களைக் கவனியுங்கள். எல்லாம் மூன்று மூன்றாகப் பிரியும் சொற்கள். நடிகர் ராகத்தை மறந்தாலும் காலை மறக்க மாட்டார். கால் மிதிக்கும்போது சொல் தானே வாய்க்கு வரும்.

இதோடு நிறுத்திவிடாமல் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள். உடல் பகுதியை நெய்யும்போது ஒரே சீராகப் போகும் அந்தத் தகிட, கையால் உருவம் போடுகிற முந்தானை வந்ததும் மாறிவிடும். மிதித்த பிறகு உடனே நாடாவை ஓட்ட முடியாது. சின்னக் குச்சிகளில் சுற்றிய வண்ண இழைகளை விரலால் ஒவ்வொன்றாக எடுத்துப் பாவுக்குள் கோக்க வேண்டும். கோத்து முடித்த பிறகே எறி, பிறகே அடி. முதல் அட்சரத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஒரு பெரிய மௌனம் விழுகிறது. கலை வேலை வேகமாக நடக்காது என்று நீங்கள் நாலு வரி எழுதுவதைவிட, அந்த மௌனத்தை அப்படியே மெட்டில் வைத்தால் அவையோர் தம் மூச்சிலேயே அதை உணர்வார்கள். என் பாட்டில் 'மிதியும்' என்றதும் மிருதங்கம் நின்றுவிடும். அவன் விரல்கள் மட்டும் அசையும். பிறகுதான் 'எறியும்'.

விசைத்தறிக் கூடத்தின் சத்தத்தை வைத்து எழுத ஒருவர் முயன்றார். அந்தச் சத்தம் பெரியது, நாடகத்தனமானது, ஆனால் அதில் பாடுபவருக்கு மூச்சு வாங்க இடமே இல்லை. பின்னணியில் தூரத்து ஒலியாக வையுங்கள். பாட்டை அதன் மேல் ஏற்ற வேண்டாம்.

எல்லா வேலைக்கும் தாளம் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் இறங்கி வரும் மாணவி ஒருத்தி, ஏரிக்கரையில் சுற்றுலாப் பயணிகளின் முகத்தை வரைந்து கொடுக்கும் பெண்ணைப் பாத்திரமாக எடுத்தாள். வரைவதில் அடி என்று எதுவும் இல்லை. நீளமாக இழுத்த கோடு, ஒரு நிறுத்தம், மறுபடி கோடு. தாளம் போட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு அவள் அதை விருத்தமாக மாற்றினாள். விருத்தத்தில் தாளக்கட்டு இல்லை, ராகம் மட்டும் சொல்லைத் தாங்கிக்கொண்டு போகும். அவளுடைய தடையும் எனக்குப் பிடித்திருந்தது. மலையில் பனிமூட்டம் இறங்கிய நாளில் நீர்வண்ணம் காயவே காயாது. வந்தவர்களுக்கோ இருட்டும் முன் கீழே இறங்கியாக வேண்டும். அவள் எழுதிய இரண்டு வரிகள்:

கன்னம் காயும் முன்னே காசு கொடுத்துப் போனார் –
இருபது வளைவில் என்ன முகமாய் இறங்குமோ

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஈரம் காயாத ஓவியம் மடியில் குலுங்கிக்கொண்டு போவதை இதற்கு மேல் யாரும் விளக்க வேண்டாம். அந்தப் பெண் வாய்விட்டுப் புலம்பவில்லை, காசும் கிடைத்துவிட்டது. ஆனாலும் கேட்கிறவர்களுக்கு நெஞ்சு அடைக்கிறது.

எதிரில் நிற்பவர் சொல்வது நியாயமாக இருக்கட்டும்

கலைஞனைத் தடுப்பவரைக் கெட்டவராக எழுதினால் பாட்டு அங்கேயே படுத்துவிடும். ஈரமில்லாத முதலாளி, கலை தெரியாத மாமனார், சிரிக்கும் ஊர்: இவர்களை மேடையில் பார்த்ததும் யார் பக்கம் நிற்பது என்று அவை முடிவு செய்துவிடும். முடிவு செய்த பிறகு கேட்பதற்கு என்ன இருக்கிறது?

நம் மேடைக்கு இதில் வளமான மரபு இருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய 'வள்ளி திருமணம்' நாடகத்தில் தினைப்புனத்துக்கு வரும் நாரதரும் வள்ளியும் செய்யும் தர்க்கத்தை நேரில் கேட்டவர்களுக்குத் தெரியும். ஒருவர் மடக்க, மற்றவர் அதைவிடக் கூர்மையாகத் திருப்புவார். கூட்டம் ஒரு வரிக்கு இந்தப் பக்கமும் அடுத்த வரிக்கு அந்தப் பக்கமும் சாயும். அந்தத் தராசு உங்கள் பாட்டிலும் ஆட வேண்டும்.

என் பாட்டில் எதிரில் நிற்பவர் அம்மா. மகன் மேல் உயிரையே வைத்திருப்பவர், அதனால்தான் அவரால் சும்மா இருக்க முடியவில்லை:

அரிசி டப்பா பார்த்தாயா – கண்ணே
அடியில் சத்தம் கேட்டாயா
அளந்து கொடுத்த கூலியிலே – மயில்
ஆடிப் பார்க்க இடமுண்டா

இதற்கு மகனிடம் பதில் இல்லை. பதில் இருக்கவும் கூடாது. அம்மா கேட்பது உண்மை.

இந்த இடத்தில் ஒரு தாள வேலை செய்யலாம். மகனுடையது தகிட, மூன்று. அம்மாவின் வரிகளைத் தகதிமி, நான்கில் எழுதியிருக்கிறேன். அவர் பாடும்போதும் தறி நிற்பதில்லை. கூத்தில் பின்பாட்டுக்காரர்கள் நடிகரின் வரியை வாங்கித் திரும்பப் பாடுவார்கள் அல்லவா, அதேபோல் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் இருவர் 'மிதியும் எறியும் அடியும்' என்று தணிந்த குரலில் தகிடவிலேயே சொல்லிக்கொண்டே இருப்பார்கள். மூன்றும் நான்கும் பன்னிரண்டில்தான் சந்திக்கும். மற்ற இடமெல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போகும். ஒரே வீட்டில் அன்போடு இருக்கும் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் ஒத்துப்போக முடியாமல் இருப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்கு வழி தெரியாது. மிருதங்கக்காரர் அம்மாவின் பக்கம் போகட்டும், தறியைக் கைத்தாளம் பிடித்துக்கொள்ளட்டும். இருவரும் சேர்ந்து பலமுறை பயிற்சி செய்ய வேண்டிய இடம் இது. ஒத்திகைக்கு அவகாசம் இல்லாத குழுவாக இருந்தால் அம்மாவையும் திஸ்ரத்திலேயே பாட வைத்துவிடுங்கள். தடுமாறும் லயத்தைவிட அது எவ்வளவோ மேல்.

ஓமலூர், மேச்சேரி, எடப்பாடிப் பக்கம் திருவிழாக் காலத்தில் விடிய விடியக் கூத்து நடக்கும். மேடைப் பாட்டு எழுதுகிறவர்கள் ஒரு முறையாவது முழு இரவும் உட்கார்ந்து பின்பாட்டை மட்டும் கவனிக்க வேண்டும். நடிகருக்கு மூச்சு கொடுப்பது அது. தூக்கம் வந்தவருக்கு வரியை மறுபடி கொடுப்பதும் அது. பல்லவியைச் சின்னதாக, பின்பாட்டுக்காரர் ஒரே மூச்சில் வாங்கிக்கொள்ளும் அளவில் எழுத வேண்டும் என்பதை நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

இழை அறுகிற இடம்

பாட்டில் ஓர் இடத்தில் வேலை நின்றே ஆக வேண்டும். அதுவரை கை வேலையாக இருந்ததால் அவன் மனம் மூடியிருந்தது. கை நின்றதும் அது திறக்கும்.

நெசவில் இதற்கு இயல்பான வழி இருக்கிறது: பாவு இழை அறுந்துவிடும். அறுந்தால் புது இழைத் துண்டை முடிந்து, பாவு இழைகளைத் தூக்கி இறக்கும் விழுதின் கண்ணுக்குள் நுழைத்து, அச்சின் இடைவெளியில் இழுத்து, மறுபக்கம் சேர்க்க வேண்டும். விளக்கு வெளிச்சத்தில் ஒற்றைப் பட்டிழையைத் தேடிப் பிடிப்பதே பெரிய பாடு. மேடையில் இதைச் செய்ய நடிகருக்கு உண்மையான நேரம் கொடுங்கள். தகிட நிற்கிறது, பின்பாட்டு நிற்கிறது, ஹார்மோனியத்தில் அடிப்படை ஸ்வரமான சட்ஜம் மட்டும். அவன் தொகையறாவாக, தாளமில்லாமல், முடிச்சைப் பார்த்தபடியே பாடுகிறான்:

முடிச்சுப் போடக் கற்றுத் தந்தார் அப்பா
முறை முறையாய் என் விரலைப் பிடித்து
எதற்காக நெய்கிறோம் என்று மட்டும்
என்னிடம் சொல்லாமல் போய்விட்டார்

பாட்டின் முழுக் கனமும் இந்த நான்கு வரியில்தான் இருக்கிறது. இதைப் பல்லவியில் வைத்திருந்தால் யாருக்கும் உறைத்திருக்காது. அரிசி டப்பாவுக்குப் பிறகு, அறுந்த இழைக்குப் பிறகு வருவதால்தான் உறைக்கிறது. அம்மாவும் அங்கேயே நிற்கிறார் என்பதை மறந்துவிடாதீர்கள். போனவர் அவருடைய கணவர். அவரிடமும் சொல்லாமல்தான் போனார்.

நீங்கள் எழுதும் கலைஞன் வேறு வேலை செய்பவனாக இருந்தால், அந்த வேலையில் இயல்பாக எது தடைப்படும் என்று அதைச் செய்பவரிடமே கேளுங்கள். சிற்பிக்கு உளி மழுங்கும், பொம்மலாட்டக்காரருக்குக் கயிறு சிக்கும், எழுதுபவருக்கு மின்சாரம் போகும். திடீரென்று இடி இடித்து மழை பெய்ய வேண்டியதில்லை.

வாய்க்கு ஏற்ற சொல்

தாளில் அழகாக இருக்கும் வரி மேடையில் கேட்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் உயிரெழுத்துதான். நீட்டிப் பாட வேண்டிய இடத்தில் ஆ, ஏ, ஓ வைத்தால் வாய் திறக்கும், குரல் வெளியே வரும். மேல் ஸ்தாயியில் ஈகாரத்தையும் ஊகாரத்தையும் நீட்டச் சொன்னால் குரல் நெரிபடும். குற்றியலுகரத்தில் முடியும் சொல் இன்னும் மோசம்: 'அறுந்து', 'நெய்து' என்று வரியை முடித்துவிட்டு நீட்டச் சொன்னால் பாடகர் எதை நீட்டுவார்? அந்த உகரம் பேச்சிலேயே பாதிதான் ஒலிக்கிறது. இத்தகைய சொற்களை வரியின் நடுவில் வையுங்கள். 'தறியே', 'லாமோ' என்று என் பல்லவி வரிகள் முடிவது இதனால்தான்.

எதுகையும் மோனையும் அலங்காரத்துக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். பதற்றத்தில் இருக்கும் நடிகருக்கு அடுத்த வரியை நினைவுபடுத்துவது அவைதான். அரிசி, அடியில், அளந்து, ஆடி என்று அம்மாவின் நான்கு வரிகளும் தொடங்குவதால் ஒரு வரி பிடிபட்டால் அடுத்தது தானே வரும். அதே நேரம், எதுகைக்காக ஒரு பொய்யான சொல்லை ஒருபோதும் உள்ளே விடாதீர்கள். நெசவாளி 'நாடா' என்றால் நாடாதான். 'ஓடம்' சந்தத்துக்கு அழகாக அமைந்தாலும் அவர் வாயில் அது வராது. தெரியாத சொல்லைத் தொழிலாளியிடம் கேட்டு எழுதுங்கள். என் பாட்டைத் தெருவில் உள்ள பெரியவர்களிடம் பாடிக் காட்டிய பிறகே குழுவுக்குக் கொடுப்பேன். அவர்கள் முகம் சுளித்த சொல் மேடை ஏறாது.

ராகத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், அது அவரவர் காது. ஒன்று மட்டும்: சோகம் என்றதும் முகாரிக்கு ஓடாதீர்கள். பாத்திரம் வாய் திறக்கும் முன்பே அழ வேண்டும் என்று அது அவைக்குச் சொல்லிவிடும். செஞ்சுருட்டி, ஆனந்தபைரவி இரண்டும் உழைக்கிற மனிதரின் வாய்க்கு இயல்பாகப் பொருந்தும் ராகங்கள். தாயும் மகனும் ஒரே ராகத்தில் பாடட்டும். அவர்கள் ஒரே வீட்டுக்காரர்கள். தொகையறாவுக்கு மட்டும் காபிக்கு மாறலாம்.

கட்டையை, அதாவது பாடகரின் அடிப்படை ஸ்ருதியை, முதலிலேயே முடிவு செய்யுங்கள். மைக் இல்லாத நாட்களில் கடைசி வரிசைக்கும் கேட்பதற்காக ஆண்களும் ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டையில் பாடினார்கள். இன்று அந்த அவசியம் இல்லை. மகனுக்கு ஒரு கட்டை வசதி என்றால், அவனுடைய பஞ்சமம், அதாவது ஐந்தாவது ஸ்வரம், ஐந்து கட்டையில் விழும். அம்மாவின் சட்ஜத்தை அங்கே வைத்துவிட்டால் அவர் பாட வரும்போது ஸ்ருதி இடறாது, இரண்டு குரலுக்கும் வசதி.

முடிவில் ஏதாவது நடந்திருக்க வேண்டும்

சேலத்துக்காரர்களுக்கு சினிமாப் பாட்டின் மேல் தனிப் பாசம் உண்டு. 1935இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் எங்கள் ஊரில்தான் இருந்தது. ஏற்காடு சாலையில் அதன் நுழைவாயில் வளைவு இன்றும் நிற்கிறது. அதனால்தானோ என்னவோ, எங்கள் பிள்ளைகள் மேடைப் பாட்டையும் சினிமாப் பாட்டு போலவே முடிக்கிறார்கள்: பல்லவிக்குத் திரும்பி, குரலை உயர்த்தி, கைதட்டலுக்கு நின்று. சினிமாவில் பாட்டு முடிந்ததும் காட்சி வேறிடத்துக்குப் போய்விடலாம். மேடையில் அந்த இருவரும் அதே தறிக்கு முன்னால்தான் நிற்கிறார்கள். பாட்டு தொடங்கும்போது இருந்த நிலைமை முடியும்போதும் அப்படியே இருந்தால், அந்தப் பாட்டை எடுத்துவிட்டாலும் நாடகம் குறையாது. அப்படிப்பட்ட பாட்டை எடுத்துவிடுவதே நல்லது.

ஆகவே எழுதும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பாட்டில் யார் எதை முடிவு செய்கிறார்? நான் முதலில் மகனின் முடிவை யோசித்தேன்: காலையில் என்ன ஆனாலும் சரி, மயிலை முடிப்பான். அது எல்லோரும் எதிர்பார்ப்பது. அம்மாவின் முடிவுதான் நாடகத்தைத் திருப்பியது. தொகையறா முடிகிறது. இழை சேர்ந்துவிட்டது. மகன் மறுபடி மிதிக்கிறான், தகிட மெதுவாகத் தொடங்குகிறது. அம்மா ராட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தார்க்குச்சியில் நூல் சுற்றத் தொடங்குகிறார். பாடவில்லை. சாதாரணக் குரலில் ஒரே கேள்வி:

"நீலம் போதுமா?"

மயிலை அவர் ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியாது. அரிசிக் கவலை தீர்ந்ததாகவும் சொல்ல முடியாது. விடிவதற்குள் முடியட்டும் என்று உட்கார்ந்திருக்கலாம், கணவரின் நினைவில் உட்கார்ந்திருக்கலாம். நடிகை எதை மனத்தில் வைத்துக்கொண்டாலும் அந்தக் கேள்வி நிற்கும். பின்பாட்டு தொடர்ந்துகொண்டிருக்கும்போதே விளக்கை மாற்றி அடுத்த காட்சிக்குப் போய்விடுவோம். கைதட்ட இடமே கொடுப்பதில்லை. முதலாளி சேலையை விரித்துப் பார்க்கும் காட்சி வரும்போது அந்தக் கைதட்டல் வட்டியோடு வரும்.

ஒத்திகை

முதல் ஒத்திகையில் நடிகர் தறியில் உட்கார்ந்து பாடட்டும். நின்றுகொண்டு பாட விடாதீர்கள். பொய்த்தறிக்கு இரண்டு மரக்கட்டையும் ஒரு பலகையும் போதும், ஆனால் மிதிப்பதற்குக் காலுக்கடியில் ஏதாவது இருக்க வேண்டும். மிதித்துக்கொண்டே பாட முடியாத வரி எது என்று அங்கேயே தெரியும். அதைக் குறைத்து எழுதுங்கள். பாட்டில் எந்தச் சரணம் இல்லாமலும் கதை புரிகிறதோ அந்தச் சரணத்தை எடுத்துவிடுங்கள், எவ்வளவு பிடித்திருந்தாலும். நெசவாளிக்கு நான் எழுதிய மூன்றாவது சரணம் என் நோட்டில்தான் இருக்கிறது, அதில் மயில் பேசும். எனக்கு மிகவும் பிடித்த சரணம். மேடைக்கு அது வேண்டியிருக்கவில்லை.

நோட்டுப் பக்கத்தின் தலையில் கட்டை, தாளம், ராகம், வேலை நிற்கும் இடம் நான்கையும் எழுதி, ஹார்மோனியக்காரர், மிருதங்கக்காரர், பின்பாட்டுக்காரர் எல்லோருக்கும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள். அவர்கள் காதிலேயே பிடித்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடாதீர்கள். இழை அறுகிற இடத்தில் ஒருவர் மட்டும் தொடர்ந்து வாசித்துவிட்டால் முழுக் காட்சியும் போய்விடும்.

கடைசியாக, நான் இளைஞர்களிடம் கண்டிப்பாகச் சொல்லும் விஷயம். கலைஞனின் கூலியைப் பற்றிய பாட்டை வாசிப்பவர்களுக்குக் கூலி இல்லாமல் இருக்கக் கூடாது. மேடை நாளுக்கு மட்டும் பணம் பேசி, ஒத்திகைகளைச் சும்மா வாங்கிக்கொள்ளும் வழக்கம் பல குழுக்களில் இருக்கிறது. ஹார்மோனியக்காரர் அன்றைய வேலையை விட்டுவிட்டுத்தான் உங்கள் ஒத்திகைக்கு வருகிறார். நாடகத்தின் செலவுக் கணக்கைத் தொடங்கும்போது, திரைச்சீலைக்கும் விளக்குக்கும் முன்னால், முதல் வரியில் அவருடைய ஒத்திகைச் சம்பளத்தையும் பஸ் செலவையும் எழுதுங்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வர முடியாதவராக இருந்தால் ஆட்டோவுக்கும் சேர்த்து எழுதுங்கள்.